இரண்டு பெய்ஜில் ஒன்று

ஷேட் கார்டில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு பெய்ஜில் எது என்று முடிவு செய்யக் கார்டையே பார்த்துக்கொண்டிருப்பதில் பயனில்லை. பார்க்க வேண்டியது தரையை. வெள்ளை பேஸில் மஞ்சள் ஆக்சைடு, சிவப்பு ஆக்சைடு, கறுப்பு ஆகியவற்றைச் சிறிதளவு கலந்துதான் பெரும்பாலும் பெய்ஜ் வருகிறது. சிவப்பு கொஞ்சம் ஏறினால் ரோஸ் சாயல் தட்டும். மஞ்சளோடு கறுப்பு ஏறினால் பச்சை தட்டும். இத்தனை சின்ன வித்தியாசத்தை யார் கவனிக்கப் போகிறார்கள் என்பார்கள். கார்டுத் துண்டில் யாரும் கவனிக்கமாட்டார்கள்தான். நான்கு சுவருக்கும் அடித்தபின், ஒரு சுவரில் பட்ட வெளிச்சம் எதிர்ச்சுவருக்குப் போய்த் திரும்புகையில் அந்தச் சாயல் கூடிக்கொண்டே போகும். அப்போது ரோஸ் சுவருக்குக் கீழே மஞ்சள் கலந்த கிரீம் டைல்ஸ் அழுக்கேறியதுபோல் தெரியும். காரணம் சொல்லத் தெரியாதவர் கண்ணையும் அது உறுத்தும்.

சுவரில் இரண்டையும் ஒட்டி அடித்துப் பார்ப்பது பொதுவான வழக்கம். பாரிஸின் கோப்லான் நெசவாலையில் சாயப் பிரிவை நடத்திய வேதியியலாளர் ஷெவ்ரல், அருகருகே நிற்கும் நிறங்கள் தம் வேற்றுமையைப் பெரிதாக்கிக் காட்டும் என்பதை 1839-இல் விரிவாக எழுதினார். ஒட்டி அடித்தால் எது ரோஸ், எது பச்சை என்பது நன்றாகவே புலப்படும். அந்த அளவுக்கு அது உதவும். ஆனால் அறையில் இருக்கப் போவது ஒரு நிறம்தான். ஆகவே இரண்டு பெரிய அட்டைகளில் இரண்டு கோட் அடித்து, நன்றாகக் காய்ந்தபின், ஒவ்வொன்றாகத் தரையைத் தொட்டு நிற்கும்படி சுவரில் சாய்த்துப் பார்க்க வேண்டும். திரைச்சீலையை மாற்றலாம், சோபாவை மாற்றலாம். டைல்ஸை லேசில் மாற்ற முடியாது.

வடக்குப் பார்த்த அறைக்கு மஞ்சள் கலந்த நிறமே பொருந்தும் என்ற விதி ஐரோப்பிய வெளிச்சத்தில் பிறந்தது. 13 டிகிரி அட்சரேகையில் இருக்கும் சென்னையில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுவரை சூரியன் நாள் முழுவதும் வடக்குப் பக்கமே நிற்கிறது. அந்த விதியை இங்கே அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. இரவு வெளிச்சம் இன்னும் முக்கியம். 6500 கெல்வின் வெள்ளை எல்இடியில் பச்சை பெய்ஜ் சோகை பிடித்ததுபோல் வெளிறும். 3000 கெல்வின் மஞ்சள் விளக்கில் ரோஸ் பெய்ஜ் பீச் பழ நிறத்துக்குப் போய்விடும். பல்பை மாற்றினால் போதாதா என்று கேட்பது நியாயம்தான். மாற்றுவதானால் முதலில் அதை மாற்றிவிட்டு, பிறகு அட்டையைப் பார்க்கட்டும். அதற்குப் பிறகும் இரண்டும் சமமாக நின்றால் வெளிர் நிறத்தையே எடுக்கச் சொல்வேன். நான்கு சுவருக்கு ஏறும்போது அது எப்படியும் ஒரு படி அடர்ந்துவிடும்.