70 வளைவுகள் ஏறினால் 14 நாடுகள்... கொல்லிமலையில் அருவியைத் தாண்டியும் பார்க்க நிறைய இருக்கு!

நாமக்கல்லில் இருந்து சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி தாண்டி காரவள்ளி வரும்வரை ரோடு சமதளம்தான். வெயில், புளியமரம், கோழிப்பண்ணை என எல்லாம் பழகிய காட்சிகள். காரவள்ளியில் மலை குறுக்கே வந்து நிற்கும். அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் எண் போட்ட பலகை இருப்பதால், காரின் பின்சீட்டில் இருக்கும் குழந்தைகள் எண்ணிக்கொண்டே வருவார்கள். முப்பதுக்கு மேல் எண்ணும் சத்தம் குறைந்தால், ஒரு எலுமிச்சம்பழத்தைக் கையில் கொடுப்பது நல்லது.

மேலே போனதும் பலருக்கு ஒரு ஆச்சரியம் காத்திருக்கும். ஊட்டி, ஏற்காடு மாதிரி ஏரியைச் சுற்றிக் கடைவீதி இருக்கும் என்று நினைத்து வந்தால், அப்படி ஒரு டவுனே இங்கே கிடையாது. கிழக்குத் தொடர்ச்சி மலையில், கடல் மட்டத்தில் இருந்து 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் பரந்து கிடக்கும் மேட்டுநிலம் இது. வயல், தோட்டம், ஓடை, நடுவே சிறு சிறு ஊர்கள். செம்மேடுதான் தலைமையிடம். தாலுகா ஆபீஸ், பஸ் ஸ்டாண்டு, நாலு ஓட்டல் என அதுவும் சின்ன ஊர்தான்.

ஆனால் 'நாடுகள்' உண்டு. வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு, திண்ணனூர் நாடு, சேலூர் நாடு, தேவனூர் நாடு, குண்டூர் நாடு, குண்டனி நாடு என மொத்தம் 14. நம் ஊரில் பஞ்சாயத்து என்று சொல்வதற்கு இங்கே நாடு என்று பெயர். இன்றைய 14 ஊராட்சிகளுக்கும் அதே பழைய பெயர்கள்தான். இங்கே பெரும்பாலும் வாழ்பவர்கள் மலையாளி பழங்குடி மக்கள். பெயரைக் கேட்டுக் கேரளாவோடு முடிச்சுப் போடவேண்டாம். மலையை ஆள்பவர்கள் என்ற பொருளில் வந்த பெயர் அது, பேசுவது தமிழ். காஞ்சிபுரத்தில் இருந்து கிளம்பி வந்த அண்ணன் தம்பி மூவர் ஆளுக்கொரு மலையில் குடியேறினார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. சேர்வராயன், பச்சைமலை, கொல்லிமலை மூன்றிலும் இந்தக் கதையைக் கேட்கலாம்.

செம்மேட்டில் நிற்கும் சிலை வல்வில் ஓரிக்கு. கடையெழு வள்ளல்களில் ஒருவர். ஒரே அம்பில் யானை, புலி, மான், காட்டுப்பன்றி, உடும்பு என ஐந்தையும் வீழ்த்தியதாக வன்பரணர் பாடிய புறநானூற்றுப் பாட்டு உண்டு. ஓரியின் குதிரைக்கும் ஓரி என்றே பெயராம். அவரைப் போரில் கொன்ற மலையமான் திருமுடிக் காரியின் குதிரைக்கும் காரி என்றுதான் பெயர்! கொல்லிமலையைச் சேரனுக்குப் பிடித்துக் கொடுக்க நடந்த சண்டை அது. தோற்றவருக்குத்தான் இங்கே சிலை, ஆடி 17, 18 தேதிகளில் அரசு விழா எல்லாம். ஜெயித்தவரை இந்த மலையில் யாரும் கொண்டாடுவதில்லை.

வளப்பூர் நாட்டுப் பக்கம் அறப்பளீஸ்வரர் கோயில். தேவாரத்தில் பெயர் வரும் பழைய தலம். கோயிலை ஒட்டி ஓடும் ஐயாற்று மீன்களைச் சாமி மீன்களாகவே பார்க்கிறார்கள். வெட்டிக் குழம்பில் போட்ட மீன் மறுபடி பொருந்தி ஆற்றில் குதித்தது என்று ஸ்தல கதை. கோயிலுக்கு அருகில்தான் ஆகாய கங்கை அருவிக்கான படிகள் ஆரம்பம். ஆயிரத்துக்கும் மேல். கிட்டத்தட்ட 300 அடி உயரத்தில் இருந்து விழும் தண்ணீர், திருச்சி மாவட்டத்தில் இருக்கும் புளியஞ்சோலைப் பக்கமாக இறங்கிப் போகிறது. இறங்கும்போது தெரியாது, ஏறும்போதுதான் முட்டி கணக்குக் கேட்கும். மூட்டுவலி, இதயப் பிரச்னை இருப்பவர்கள் கோயிலோடு நின்றுகொண்டு, மாசிலா அருவி, நம்மருவி பக்கம் போகலாம். எட்டுக்கை அம்மன் கோயிலும் முக்கியம். சங்கப் பாடல்களில் வரும் கொல்லிப்பாவை இந்த அம்மன்தான் என்பது ஊர் நம்பிக்கை. சீக்குப்பாறை வியூ பாயின்ட், வாசலூர்பட்டி படகு இல்லம் எல்லாம் போகிற வழியில் எட்டிப் பார்க்கக்கூடியவை.

பெரும்பாலான டூரிஸ்ட்டுகளின் லிஸ்ட் இத்துடன் முடிந்துவிடுகிறது. ஆனால் கார் ஜன்னலில் வழியெல்லாம் ஓடிய காட்சியைக் கொஞ்சம் கவனிக்கவேண்டும். சில்வர் ஓக் மரத்தில் படர்ந்த மிளகுக்கொடி, அதன் நிழலில் காபி, சரிவில் அன்னாசி, பலா. நடுவில் காடு மாதிரி நிற்கும் மரவள்ளி.

ஒருகாலத்தில் அந்தச் சரிவுகளில் சாமை, தினை, கேழ்வரகு நின்றன. சாமையிலேயே மல்லிய சாமை, கட்டவெட்டிச் சாமை, திரிகுலாச் சாமை என்று வகைகள். எந்த மண்ணுக்கு எது, எத்தனை நாளில் விளையும், எது களிக்கு, எது சோற்றுக்கு என்று வீட்டுப் பெண்களுக்கு அத்துப்படி. பிறகு மலைக்கு ரோடு வந்தது. கீழே சேலம், ராசிபுரம், ஆத்தூர் வட்டாரத்து சேகோ ஆலைகளுக்குக் கிழங்கு தேவை. பாயசத்தில் போடும் ஜவ்வரிசி அந்தக் கிழங்கு மாவில்தான் தயாராகிறது. கிழங்கில் எத்தனை 'பாயின்ட்' மாவுச்சத்து என்று பார்த்து விலை. லாரி மலைக்கே வந்து ஏற்றிக்கொண்டு போகும். கையில் மொத்தமாகக் காசு. அப்புறம் ரேஷன் அரிசி மலிவானது, 2011-ல் இலவசமே ஆனது. இந்த நிலையில் சாமையை உரலில் குத்தி, புடைத்து, மறுபடி குத்தி உமி எடுக்க யாருக்குப் பொறுமை இருக்கும்? அந்த வேலை முழுக்கப் பெண்கள் தலையில்தான் விழுந்தது. அதனால் சாமையை விட்டதற்கு அவர்களைக் குறை சொல்ல நியாயமே இல்லை.

ஆனால் விலை அடிவாங்கும் வருஷத்தில் மரவள்ளியை வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் வயிறு நிரப்ப முடியாது. சரிவில் கிழங்கைப் பிடுங்கும்போது மண்ணும் இளகி, அடுத்த மழையில் ஓடிவிடும். விதையும் போய்விடுகிறது. ஒரு சாமை வகையை இரண்டு, மூன்று போகம் யாரும் விதைக்காமல் விட்டால், தேடினாலும் கிடைக்காது.

இதைத் தடுக்க எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களில் இருந்தே இங்கே வேலை செய்துவருகிறது. ஊர் விதை வங்கி, உமி நீக்கும் மெஷின், மகளிர் குழுக்கள் மூலம் மாவு, ரவை விற்பனை என்று போனது அந்த முயற்சி. இதில் மெஷின்தான் பெரிய விஷயம். உரல் வேலை குறைந்தால்தான் சாமை வீட்டு அடுப்புக்குத் திரும்பும். 2023-ஐ சர்வதேச சிறுதானிய ஆண்டாக ஐ.நா. கொண்டாடியபோது நகரத்து சூப்பர் மார்க்கெட்டுகளில் சாமை பாக்கெட் அலங்காரமாக வந்து உட்கார்ந்தது. அந்த விலையில் எவ்வளவு மலை விவசாயியின் கைக்குப் போகிறது என்பது வேறு கேள்வி.

போகிறவர்கள் செய்யக்கூடியது எளிது. மிளகு, பலா, அன்னாசி, மலை வாழைப்பழம் வாங்கச் சோளக்காடு சந்தையில் வண்டியை நிறுத்துவீர்கள் அல்லவா? அங்கேயே சாமை, கேழ்வரகு இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். ஓட்டலில் சாப்பாடு சொல்லும்போதும் களி கிடைக்குமா என்று விசாரியுங்கள். பிளாஸ்டிக் பாட்டிலை அருவியில் விடவேண்டாம். குரங்குகளுக்குத் தீனி போடவேண்டாம்.

இறங்கும்போது முள்ளுக்குறிச்சி வழியும் இருக்கிறது. ராசிபுரம், ஆத்தூர் பக்கம் போகிறவர்களுக்கு அது வசதி. எந்த வழியில் வந்தாலும் நியூட்ரலில் விடாமல், லோ கியரிலேயே இறங்குங்கள். கிழங்கு மூட்டை ஏற்றிய லாரி வளைவில் எதிர்ப்பட்டால், அது திரும்பி முடிக்கும்வரை ஓரமாக நின்றுவிடுங்கள்.