மணல்வெளியில் ஒரு திருவிழா

துபாய் என்றால் எங்கள் சனத்துக்கு ஞாபகம் வருவது தங்கம், வீட்டு வேலைக்குப் போன அக்காமார், இல்லாவிட்டால் ஏஜென்சிக்காரன் கொண்டுபோய் இருத்தி வைத்த அறை. நான் 2024 பெப்ரவரியில் அங்கே போனது என் தம்பியைப் பார்க்க. போன இடத்தில் அவன் என்னை இழுத்துக்கொண்டு போன ஒரு களியாட்டத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. நான் ஓ.எல். வரை படித்தவன், நோர்வேயில் மீன் தொழிற்சாலையில் நிற்பவன். எழுதிப் பழக்கமில்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2009இல் நாங்கள் வன்னியிலிருந்து வெளியே வந்தபோது தம்பிக்கு ஒன்பது வயது, எனக்கு இருபது. மெனிக் பாம் முகாமில் சில மாதம். அடுத்த வருடம் நான் வெளிக்கிட்டுவிட்டேன். பிறகு அவனைக் கண்டது போனில் மட்டும்தான். அகதிப் பயணப் புத்தகத்தோடு ஊருக்குப் போக முடியாது. துபாய்க்கும் எனக்கு விசா சரிவரவில்லை. குடியுரிமை கிடைத்து சிவப்புப் புத்தகம் கைக்கு வந்த பிறகுதான் அந்தப் பயணம் நடந்தது. புதிதாக வந்திருக்கும் குடும்பங்களுக்கு ஒன்று சொல்கிறேன். தாய் தகப்பனை, சகோதரங்களை மூன்றாம் நாடு ஒன்றில் வைத்துச் சந்திக்க நினைப்பவர்கள் ரிக்கற் போட முதல் அந்த நாடு உங்கள் புத்தகத்தை ஏற்குமா என்று எழுத்தில் கேட்டு வையுங்கள். நான் ஒருமுறை ரிக்கற் காசைத் தொலைத்தவன்.

பெப்ரவரி 12, திங்கட்கிழமை இறங்கினேன். பாலைவனம் என்று நினைத்துப் போனால் துபாயில் மழை கொட்டுகிறது, ரோட்டெல்லாம் வெள்ளம். வெளியே வந்து தம்பியைத் தேடினேன். பக்கத்தில் நின்றவன்தான் அவன். என்னைவிட உயரம். "அண்ணா" என்று அவன் கூப்பிட்டிராவிட்டால் தாண்டிப் போயிருப்பேன்.

அவன் இருக்கும் இடம் சோனாப்பூர். ஹிந்தியில் தங்க ஊர் என்று அர்த்தமாம். அரசாங்கப் பெயர் முகைஸ்னா. கட்டட வேலைக்காரர்களின் விடுதிகள் வரிசை வரிசையாக நிற்கும் பகுதி. தம்பியின் அறையில் ஆறு பேர். இரண்டு பேர் இராமநாதபுரம், இரண்டு பேர் நேபாளம், ஒருவர் பங்களாதேஷ். அறை வாசலில் பன்னிரண்டு சப்பாத்து. எனக்குத் தேநீர் போட்டுத் தந்துவிட்டு, "உங்கட தம்பி இங்க பெரிய டி.ஜே. அண்ணே" என்று இராமநாதபுரத்துப் பையன் சொன்னான். பகிடி பண்ணுகிறான் என்று நினைத்தேன்.

உண்மைதான். பழைய லப்ரொப் ஒன்று, காதில் போடும் பெரிய ஹெட்போன் ஒன்று. லீவு நாள் இரவில் மொட்டை மாடியில் நேபாளப் பாட்டையும் வங்காளப் பாட்டையும் எங்கள் சினிமாப் பாட்டையும் ஒன்றோடொன்று இழைத்து ஓட விடுவானாம். ஒரு பாட்டு முடிந்து மற்றது தொடங்குவது தெரியக்கூடாது, அதுதான் வித்தை என்றான். ஊர்க் கோயில் மேளத்தைப் போனில் பதிந்து அம்மா அனுப்பியதையும் அதற்குள் நுழைத்து வைத்திருந்தான். எனக்கு உள்ளுக்குள் கோபம்தான் வந்தது. மாதம் மாதம் நான் கஷ்டப்பட்டு அனுப்பிய காசில் இவன் படித்தது இதையா என்று. வாயைத் திறக்கவில்லை. பதினான்கு வருடத்துக்குப் பிறகு கண்ட அன்றே ஏச முடியுமா?

அவன் கேட்டது ஒன்றுதான். "அண்ணா, சனிக்கிழமை ராத்திரி என்னோட வாங்கோ. ரிக்கற் நான் எடுத்திட்டன்." அந்த ரிக்கற் அவனுடைய ஒரு கிழமைச் சம்பளத்துக்கு மேல். எனக்கும் சேர்த்து இரண்டு எடுத்திருக்கிறான்.

களியாட்டத்தின் பெயர் அன்டோல்ட். ருமேனியாவில் குளுஜ் என்ற நகரத்தில் 2015இல் தொடங்கியது. துபாய்க்கு முதல்முறை வந்தது 2024 பெப்ரவரி 15 முதல் 18 வரை, நான்கு நாள். இடம் எக்ஸ்போ சிற்றி. கொரோனாவால் பிந்தி 2021 ஒக்டோபரில் தொடங்கிய உலகக் கண்காட்சிக்காகக் கட்டிய இடம் அது. மெற்றோ சிவப்புப் பாதையில் கடைசிவரை போனால் வாசலில் இறக்கிவிடும். நடுவில் அல் வாசல் என்ற பெரிய கூண்டு. 130 மீற்றர் அகலம். பகலில் இரும்புக் கம்பி வலை மாதிரி இருக்கும், இரவில் அதன்மேல் வெளிச்சத்தால் படம் போடுவார்கள். தம்பி மேலே பார்த்து வெல்டிங் நேர்த்தியைப் பற்றிக் கதைத்தான். வேலைக்காரன் புத்தி.

வளைகுடாவில் இதுதான் முதல் என்று நினைக்க வேண்டாம். அபுதாபி யாஸ் தீவில் கிறீம்பீல்ட்ஸ் நடந்தது. மியாமியில் பெயர் பெற்ற அல்ட்ரா 2020 மார்ச்சில் அபுதாபிக்கு வர இருந்து கொரோனாவால் நின்றுபோய் 2023இல் நடந்தது. சவூதியின் ரியாத்தில் 2019 டிசம்பரில் மூன்று நாள் எம்.டி.எல். பீஸ்ட் என்று வைத்தார்கள். அந்த நாட்டில் படம் பார்க்கத் தியேட்டர் திறந்ததே 2018இல் தான் என்பதை யோசித்துப் பாருங்கள். எல்லாம் குளிர்காலத்தில்தான். ஜூன் நடுப்பகுதியிலிருந்து செப்டெம்பர் நடுப்பகுதிவரை மத்தியானம் வெளி வேலையையே சட்டம் தடுக்கும் நாடு, யார் போய் ஆடுவது? நோன்பு மாதத்திலும் வைப்பதில்லை.

அந்த நான்கு நாளுக்கும் வந்தவர்களில் பெரிய பெயர்கள் ஆர்மின் வான் பியூரன், ஹார்ட்வெல், டியேஸ்டோ. மூன்று பேரும் ஒல்லாந்துக்காரர். யாழ்ப்பாணத்தில் கோட்டை கட்டிப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் இப்போது இப்படி உலகத்தைப் பிடிக்கிறார்கள் என்று சொன்னேன். தம்பி சிரிக்கவில்லை.

வாசலில் சோதனை கடுமை. கையில் பட்டி கட்டினார்கள். அங்கே 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மதுபானம் இல்லை, வெறியில் ரோட்டில் நின்றால் பொலிஸ். போதைப்பொருளுக்கு மன்னிப்பே கிடையாது. மருந்து கொண்டு போகிறவர்களும் கவனம். கொடீன், ட்ரமடோல் சேர்ந்த நோக்குளிசை இங்கே டொக்டர் சாதாரணமாக எழுதித் தருவார், அங்கே முன் அனுமதி வேண்டும். முதுகு நோவுக்குக் குளிசை போடும் தொழிற்சாலைக்காரர் நம்மில் எத்தனை பேர்!

டி.ஜே. என்றால் பாட்டுத் தட்டுப் போடுகிறவன், அதற்கு ஏன் இவ்வளவு சனம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். தம்பி வரிசையில் நிற்கும்போது விளங்கப்படுத்தினான். இரண்டு மெஷின். ஒன்றில் ஓடுவது சனத்துக்குக் கேட்கும். மற்றதில் அடுத்த பாட்டு டி.ஜே.யின் ஹெட்போனில் மட்டும் ஓடும். இரண்டின் வேகத்தையும் ஒன்றாக்க வேண்டும். பெரும்பாலும் நிமிடத்துக்கு 128 அடி அளவில் வரும். பிறகு ஒன்றின் அடித்தாளத்தைக் குறைத்து மற்றதை ஏற்றுவது. இடையில் தாளத்தையே எடுத்துவிட்டு, சத்தத்தை இழுத்து இழுத்து உயர்த்தி, சனம் இனித் தாங்காது என்ற இடத்தில் திரும்பப் போடுவது. அந்தப் போடும் இடத்துக்காகத்தான் அத்தனை பேரும் நிற்கிறார்கள்.

எனக்கு உடனே எங்கள் கோயில் திருவிழாதான் ஞாபகம் வந்தது. மேளச் சமாவில் நாதஸ்வரம் நிற்கும், இரண்டு தவில்காரரும் தனி ஆவர்த்தனம் எடுப்பார்கள். ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் பிடித்து, சுருக்கிச் சுருக்கிக் கொண்டுவந்து தீர்மானம் வைக்கும்போது கிழவர்கள் எல்லாம் துள்ளுவார்கள். அளவெட்டி தட்சிணாமூர்த்தியின் தவிலைக் கேட்க விடியவிடிய இருந்த கதையை அப்பு சொல்லுவார். அதைச் சொன்னவுடன் தம்பி, "அதுதான் அண்ணா, அதேதான்" என்று என் கையைப் பிடித்தான். இந்த இசைக்கு ஹவுஸ் என்ற பெயர் சிக்காகோவில் பிராங்கி நக்கிள்ஸ் என்ற கறுப்பின டி.ஜே. வாசித்த வெயர்ஹவுஸ் கிளப்பிலிருந்து வந்ததாம். அது பரவ முதலே, 1982இல் பம்பாய்ச் சினிமா வாத்தியக்காரர் சரண்ஜித் சிங் மெஷின் தாளத்தில் பத்து இராகம் வாசித்து இசைத்தட்டு வெளியிட்டாராம். அப்போது ஒருவரும் கவனிக்கவில்லை. பல வருடம் கழித்துத்தான் வெள்ளைக்காரர் தேடிக் கண்டுபிடித்தார்கள். இதெல்லாம் அவன் சோனாப்பூர் கட்டிலில் படுத்துக்கொண்டு படித்தது.

உள்ளே போனோம். மேடை ஒரு மாளிகை அளவு. நான் தொழிற்சாலையில் தரும் மஞ்சள் காதடைப்பானைக் கொண்டு போயிருந்தேன். தம்பிக்கும் கொடுத்தேன், வெட்கப்பட்டான், பிறகு போட்டான். எங்கள் வேலையிடத்தில் 85 டெசிபெலில் எட்டு மணித்தியாலம்தான் கணக்கு. 3 டெசிபெல் கூடக் கூட நேரம் பாதியாகும். 100க்கு வந்தால் கால் மணித்தியாலம். இப்படியான இடங்களுக்கு 100தான் எல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் சொன்னது. உங்கள் பிள்ளைகள் போகக் கேட்டால் மறிக்கிறீர்களோ இல்லையோ, காதடைப்பான் வாங்கிக் கொடுங்கள்.

பிறகு நடந்ததை எழுதத்தான் யோசித்தேன். எழுதாவிட்டால் கட்டுரை பொய்யாகிவிடும். அந்த அடித்தாளம் காதால் வருவதில்லை. நிலத்தால் வந்து நெஞ்சில் இடிக்கும். அடைப்பான் அதற்குக் கேட்காது. மேடையிலிருந்து நெருப்பு கிளம்பி வாணம் வெடித்தது. நான் குந்திவிட்டேன். தலைமேல் இரண்டு கையும். எவ்வளவு நேரம் என்று தெரியாது. சுற்றி நின்ற பிள்ளைகள் நான் வெறியில் விழுந்தேன் என்று நினைத்திருப்பார்கள். ஒரு பெட்டை தண்ணீர்ப் போத்தல் நீட்டினாள்.

தம்பி என்னைத் தூக்கி ஓரமாகக் கொண்டுபோய் இருத்தினான். அழுவான் என்று நினைத்தேன், அழவில்லை. "அண்ணா, என்னோட எண்ணுங்கோ" என்றான். "நாலு நாலா எண்ணுங்கோ. எட்டு நாலு வந்தா விழும்." எண்ணினோம். முப்பத்திரண்டில் விழுந்தது. திரும்ப எண்ணினோம். திரும்பவும் முப்பத்திரண்டில். "பங்கருக்குள்ள நீங்கள் என்ர காதைப் பொத்திக்கொண்டு இருந்தனீங்கள். அங்க எப்ப விழும் எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. இது எனக்குத் தெரியும் அண்ணா. இது நான் சொல்லேக்கதான் விழும்."

ஒன்பது வயதுப் பிள்ளைக்கு என்ன ஞாபகம் இருக்கப் போகிறது என்றுதான் இத்தனை வருடமும் நானும் அம்மாவும் சொல்லிக்கொண்டிருந்தோம். போனில் ஒருநாளும் நான் அவனிடம் கேட்டதில்லை.

ஒரு மணித்தியாலம் போல ஓரத்தில் இருந்தோம். பிறகு அவனைப் போகச் சொன்னேன். அவன் ஆடுவதைத் தூரத்திலிருந்து பார்த்தேன். வடிவாக ஆடுகிறான். கடைசியில் நானும் போய்ப் பக்கத்தில் நின்றேன். ஆடினேன் என்று சொல்ல மாட்டேன், எண்ணிக்கொண்டு நின்றேன். தொழிற்சாலையில் மீன் வெட்டும் மெஷினோடு சேர்ந்து எண்ணி எண்ணிப் பழகிய கால்தானே, பிழைக்கவில்லை.

ஓய்வறையில் வேலை செய்யும் நோர்வேஜியப் பொடியன் ஒருவன் திரும்பி வந்த பிறகு விடுப்புக் கேட்டான். துபாயில் டி.ஜே. பார்த்தேன் என்றதும் கதிரையை இழுத்துக்கொண்டு வந்துவிட்டான். பேர்கனில் வளர்ந்த கீகோ, அலன் வோக்கர் என்று இங்கேயே பெரிய டி.ஜே.மார் இருக்கிறார்களாம். 2016 ரியோ ஒலிம்பிக் முடிவு விழாவில் கீகோ வாசித்தாராம். ஆறு வருடமாக ஒரே மேசையில் சாப்பிடுகிறோம், அன்றுதான் அவன் என்னோடு அரை மணித்தியாலம் கதைத்தான்.

அந்த ஞாயிறு விடியற்காலை ரக்சி பிடித்துச் சோனாப்பூர் வந்தோம். ஊரில் விடிந்துவிட்டது, அம்மா எழும்பியிருப்பா என்று தம்பி போன் போட்டான். இரண்டு பிள்ளைகளையும் ஒரே கண்ணாடிக்குள் கண்டதில் அம்மாவுக்குக் கதை வரவில்லை. கொஞ்சம் பொறுத்து, இரவிரவாக எங்கே போனீர்கள் என்று கேட்டா.

"கோயில் திருவிழா மாதிரி ஒண்டு அம்மா. விடிய விடிய மேளம்" என்றான் தம்பி.

"அங்கயுமோ? ஆர் மேளம்?"

"ஒல்லாந்துக்காரன் அம்மா."