நீலக் கயிறு

நாராவில் ஒரு மான் என் வரைபடத்தைத் தின்றுவிட்டது. காலையில்தான் கைக்கு வந்த தாள். எங்கே நிற்கப்போகிறோம், எங்கே ஏறப்போகிறோம் என்று சிவப்பு மையில் வட்டம் போட்டுக் கொடுத்திருந்தார் வழிகாட்டி அம்மா. சட்டைப் பையில் அது கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்தது போல. பின்னாலிருந்து வெடுக்கென்று ஓர் இழுப்பு. திரும்பினால் பாதி நாரா மானின் வாய்க்குள் இருந்தது. "ஏய்!" என்றேன். அது தலையைத் தாழ்த்தி என்னை வணங்கியது. தவிட்டு பிஸ்கட்டுக்காகக் கற்றுக்கொண்ட வணக்கம். இந்த ஊரில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மான்கள் திரிகின்றன. காசுகா கோயிலின் தெய்வம் வெள்ளை மான் ஏறி வந்ததாக ஐதீகம் என்பதால் அவற்றை யாரும் விரட்டுவதில்லை.

அம்மா அலட்டிக்கொள்ளாமல் பையிலிருந்து வேறொரு பிரதியை எடுத்து நீட்டினார். "எப்போதும் ஐந்து கூடுதலாக வைத்திருப்பேன்" என்றார். எழுபதைத் தாண்டியவர். பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவர். எங்கள் குழுவில் எல்லோரும் அவரை ஸென்ஸே என்றே கூப்பிட்டோம்.

கிளம்பிய இடம் கின்டெட்சு ரயில் நிலைய வாசல். அங்கே நீரூற்றின் நடுவில் ஒரு துறவியின் சிலை. ஆள் சந்திக்க வசதியான அடையாளம் என்று நான் நினைத்ததை ஸென்ஸே திருத்தினார். அவர் கியோகி. ஊர் ஊராகப் போய் ஏழைகளுக்குப் போதித்து, பாலம் கட்டி, குளம் வெட்டியவர். முதலில் அரசாங்கம் அவரைத் தடுத்தது. பிறகு 743இல் பேரரசர் ஷோமு பெரிய புத்தர் சிலை எழுப்ப முடிவெடுத்தபோது, மக்களிடம் பொருள் திரட்ட அவரையே நாட வேண்டியிருந்தது. ஒரு புல், ஒரு பிடி மண் கொண்டுவந்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள் என்பது அரச ஆணை. சிலைக்குக் கண் திறக்கும் முன்பே, 749இல் கியோகி போய்ச் சேர்ந்தார். "இந்தப் பெயரை நினைவில் வையுங்கள், மாலையில் கேட்பேன்" என்றார் ஸென்ஸே. வாத்தியார் வாத்தியார்தான்.

கோஃபுகுஜி கோயிலின் ஐந்தடுக்குக் கோபுரம் 1426இல் கட்டியது, 50 மீட்டர் உயரம். மராமத்து நடக்கிறது, நான் பார்த்ததெல்லாம் சாரம். பெரிய புத்தர் இருக்கும் தோதாய்ஜி கோயிலின் தெற்கு வாசலில் மட்டும் கழுத்து வலிக்க நின்றேன். இரண்டு மரத் துவாரபாலகர்கள், ஒவ்வொருவரும் எட்டு மீட்டருக்கு மேல். உன்கேய், காய்கேய் என்ற சிற்பிகள் தங்கள் பட்டறை ஆட்களோடு 1203இல் 69 நாளில் முடித்தார்களாம். ஒருவர் வாய் திறந்து 'அ' என்கிறார், மற்றவர் வாய் மூடி 'உன்' என்கிறார். முதலெழுத்தும் முடிவெழுத்தும். சமஸ்கிருதத்திலிருந்து போன கணக்கு.

பெரிய புத்தர் மண்டபத்தின் முற்றத்தில் ஆளைவிட உயரமான எண்கோண வெண்கல விளக்கு ஒன்று நிற்கிறது. எட்டாம் நூற்றாண்டுப் பொருள், மண்டபத்தை எரித்த இரண்டு பெரும் தீயையும் பார்த்தது. அதன் பக்கத்தில் ஸென்ஸே பையைத் திறந்து ஒரு நூற்கண்டை எடுத்தார். ஸ்வெட்டர் பின்னும் நீலக் கம்பளி நூல்.

"நீங்கள் தென்னிந்தியாதானே? நுனியை நீங்கள் பிடியுங்கள்."

பிடித்தேன். மற்ற எட்டுப் பேரும் ஆளுக்கொரு இடத்தில் நூலைப் பற்றிக்கொண்டு வரிசையாகப் பின்னால் போனார்கள். கண்டு தீர்ந்தபோது தைவான் மாணவி ஒருத்தி வாசலுக்கு அருகில் சின்ன உருவமாக நின்றாள். அவள் கையை அசைத்தாள். என் ஆள்காட்டி விரலில் மெல்ல ஒரு இழுப்பு. "இது 30 மீட்டர்" என்றார் ஸென்ஸே. "அன்றைக்கு இருந்தது ஏறக்குறைய 200 மீட்டர் பட்டுக் கயிறு. இதே நீலம்."

அன்றைக்கு என்றால் 752. பட்டத்தை மகளிடம் ஒப்படைத்திருந்த ஷோமுவுக்கு உடல்நலம் சரியில்லை. அதனால் சிலைக்குக் கண் எழுதும் பொறுப்பு ஓர் இந்தியத் துறவிக்குப் போனது. பெயர் போதிசேனர். சீனா சென்று, அங்கிருந்து 736இல் ஜப்பான் வந்தவர். துறைமுகத்தில் அவரை எதிர்கொண்டு அழைத்தவர் நம் நீரூற்றுக் கியோகி. பரத்வாஜ கோத்திரத்துப் பிராமணர், தென்னிந்தியர் என்கின்றன ஜப்பானியக் குறிப்புகள். நம் ஆட்கள் அவரை மதுரைக்காரராகவே ஆக்கிவிட்டார்கள், இருந்துவிட்டுப் போகட்டும். அவர் தூரிகையால் விழியை எழுத, தூரிகையில் கட்டிய கயிறுகளைக் கீழே கூடியிருந்தவர்கள் பிடித்துக்கொண்டார்கள். கயிற்றைத் தொட்டவர் எல்லோரும் கண் திறந்தவர்கள் என்று கணக்கு.

எனக்குக் கும்பகோணம் பக்கம். சுவாமிமலைப் பட்டறையில் ஸ்தபதி தங்க ஊசியால் சிலைக்குக் கண் திறப்பதைச் சின்ன வயதில் எட்டிப் பார்த்திருக்கிறேன். கும்பாபிஷேகத்தின்போது யாகசாலையிலிருந்து மூலவர் வரைக்கும் கயிறு கட்டுவோம், நாடி சந்தானம் என்போம். இதை ஸென்ஸேயிடம் சொன்னேன். அவர் குறிப்பேட்டை எடுத்து, "நா... டி" என்று கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார்.

உள்ளே புத்தர் 15 மீட்டர். சுவாமிமலைக்காரன் புத்தி முதலில் வார்ப்பைத்தான் கேட்டது. மெழுகு வார்ப்பு இல்லை. மண் அச்சு கட்டி, கீழிருந்து மேலாக எட்டு அடுக்காக, மூன்று வருஷம் உருக்கி ஊற்றியிருக்கிறார்கள். அடுத்து நான் கேட்டிருக்கக் கூடாத கேள்வியைக் கேட்டேன்: "போதிசேனர் எழுதிய கண் இதுதானா?"

"இல்லை" என்றார். 1180இல் போரில் மண்டபம் எரிந்து தலை போனது. 1567இல் மறுபடி எரிந்தது. பிறகு ஏறக்குறைய நூறு வருஷம் புத்தர் மழையிலும் பனியிலும் உட்கார்ந்திருந்தார். இப்போதைய தலை பதினேழாம் நூற்றாண்டு, கண் திறந்தது 1692. மண்டபம் 1709, பழையதில் அகலம் மூன்றில் இரண்டு பங்குதான். ஆதிச் சிலையில் மிஞ்சியிருப்பது தாமரை இதழ் போன்ற சில பகுதிகள். எனக்கு முகம் விழுந்துவிட்டது. ஸென்ஸே பார்த்திருக்க வேண்டும். "கண் போய்விட்டது. தூரிகை இருக்கிறது" என்றார்.

அந்தத் தூரிகையும் கயிறும் மண்டபத்துக்குப் பின்னால் ஷோசோயின் என்ற மரக் களஞ்சியத்தில் பத்திரமாக இருந்திருக்கின்றன. 1185இல் முன்னாள் பேரரசர் கோ-ஷிராகாவா அதே தூரிகையை வெளியே எடுக்கச் சொல்லி, சாரம் ஏறி, புதுத் தலைக்குக் கண் எழுதினார்.

மண்டபத் தூண் ஒன்றில் புத்தரின் மூக்குத் துவாரம் அளவுக்கு ஒரு ஓட்டை. குழந்தைகள் நுழைந்து வெளியே வந்தார்கள். என் வயிற்றைப் பார்த்து நானே ஒதுங்கிக்கொண்டேன். வாசலில் பின்சுரு, அதாவது புத்தரின் சீடரான நம் பிண்டோல பரத்வாஜரின் மரச் சிலை. எங்கே வலியோ அங்கே அவரைத் தொட்டுவிட்டு நம்மைத் தொட்டுக்கொள்ள வேண்டும். முழங்காலைத் தொட்டேன், அடுத்து நிகத்சுதோ மண்டபத்துக்குப் படி ஏற வேண்டியிருந்தது.

நிகத்சுதோ மேலே நின்றால் ஊர்க் கூரைகள் எல்லாம் தெரியும். பக்கத்து ஓய்வுக்கூடத்தில் தேநீர் இலவசம், கோப்பையை நாமே கழுவி வைக்க வேண்டும். ஸென்ஸே உட்கார்ந்து நூலைக் கண்டாகச் சுற்ற, நான் இரண்டு கையிலும் மாட்டிக்கொண்டு உதவினேன். கியோகி பெயரைக் கேட்டார், சொல்லித் தப்பித்தேன்.

"அசல் கயிற்றைப் பார்த்திருக்கிறீர்களா?" என்றேன். ஷோசோயின் பொருள்களில் சிலதை வருஷத்துக்கு ஒருமுறை இலையுதிர் காலத்தில் அருங்காட்சியகத்தில் வைப்பார்கள். எது வரும் என்பது அந்தந்த வருஷத்தைப் பொறுத்தது.

"ஒரு தடவை. வரிசையில் இரண்டு மணி நேரம் நின்றேன். கயிற்றின் முன் ஒரு நிமிஷம் இருந்திருப்பேன். நகருங்கள், நகருங்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள்."

நான் சிரித்துவிட்டேன். அவருக்குப் புரியவில்லை. திருப்பதியையும் ஜருகண்டியையும் விளக்க ஆரம்பித்தேன். பேருந்து நிறுத்தம் வரை விளக்கினேன்.