கூலன்ட் மாத்தின கதை (கூடவே ஒரு நாய்க் கதை)

பி.காம் படிக்கிறவன் பைக் ரிப்பேர் பத்தி என்னத்தை எழுதிடப் போறான்னு நினைக்காதீங்க மக்களே. இதுல பைக் இருக்கு, காஸ்ட் அக்கவுன்டிங் இருக்கு, நடுவுல ஒரு நாயும் வருது. மூணும் ஒரே ஞாயித்துக்கிழமை காலையில எங்க வீட்டு வாசல்ல சந்திச்சுக்கிட்டதுதான் கதை.

வண்டி என்னோடதில்ல. அண்ணன் ஓசூர்ல வேலை கிடைச்சுப் போனப்போ "பத்திரமா வச்சுக்கோடா"ன்னு சொல்லிட்டு விட்டுட்டுப் போன 200 சிசி லிக்விட் கூல்டு வண்டி. முன்னெல்லாம் நம்ம ஊர் பைக்ல பெரும்பாலும் காத்துதான் இன்ஜினைக் குளிர வைக்கும். 2008-ல் யமஹா ஆர்15, 2012-ல் கேடிஎம் ட்யூக் 200, பல்சர் 200 என்எஸ்னு வரிசையா வந்த பிறகுதான் காலேஜ் பசங்க ஓட்டுற வண்டியிலயும் ரேடியேட்டர், ஃபேன், கூலன்ட் எல்லாம் சகஜமாச்சு. ஆனா ஓட்டுற நமக்கு அந்தப் பழக்கம் இன்னும் வரல. பெட்ரோல் பார்ப்போம், ஆயில் பார்ப்போம். கூலன்ட்டுன்னு ஒண்ணு இருக்கறதே லைட் எரிஞ்சாதான் ஞாபகம் வரும்.

எனக்கும் அப்படித்தான். மே மாசம், அக்னி நட்சத்திரம், மதுரை பெரியார் பஸ் ஸ்டாண்ட் பக்கம் சிக்னல்ல நிக்கிறேன். ஃபேன் நிக்காம கத்துது. தொடை ரெண்டும் தோசைக்கல்லு. திடீர்னு டெம்பரேச்சர் லைட் சிவப்பா எரிஞ்சது. ஓரங்கட்டி அரை மணி நேரம் நிழல்ல நிறுத்தி, உருட்டிக்கிட்டும் ஓட்டிக்கிட்டும் வீடு வந்து சேர்ந்தேன்.

தெரு முக்குல இருக்கற மெக்கானிக் அண்ணன்கிட்ட காட்டினேன். ரிசர்வ் டேங்கை எட்டிப் பார்த்துட்டு, "என்ன தம்பி, ரசம் ஊத்தி வச்சிருக்க?"ன்னார். பச்சையா இருக்க வேண்டியது செம்மண் கலர்ல இருந்தது. குற்றவாளி நானேதான். ஒரு வருஷமா லெவல் குறையும்போதெல்லாம் எங்க வீட்டு போர் தண்ணியை ஊத்தியிருக்கேன். (எங்க ஏரியா போர் தண்ணியில சோப்புகூட நுரைக்காது!)

இந்த இடத்துல கொஞ்சம் பாடம். பயப்படாதீங்க, சின்னதுதான்.

கூலன்ட்ங்கறது தண்ணியும் எத்திலீன் கிளைகாலும் ஏறக்குறைய பாதிப் பாதி, கூட கொஞ்சம் துருத்தடுப்பு மருந்து, கொஞ்சம் சாயம். கிளைகால் சேர்த்தா மைனஸ் 30 டிகிரிக்குக் கீழேயும் உறையாது. மதுரைக்கு இது எதுக்குன்னு நானும் கேட்டேன். அதே கிளைகால் கொதிநிலையையும் ஏத்துது. ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைப் பிடிச்சு வச்சு இன்னும் மேல ஏத்துது. நம்ம வீட்டு குக்கர் மாதிரிதான். இதைவிட முக்கியம் அந்தத் துருத்தடுப்பு மருந்து. இன்ஜினுக்குள்ள அலுமினியம், இரும்பு, ரப்பர் எல்லாம் சுடுதண்ணியோட குடும்பம் நடத்துது. மருந்து இருக்கற வரைக்கும் சண்டை வராது. அது கொஞ்சம் கொஞ்சமா தீர்ந்துகிட்டே இருக்கும், ஆனா கலர் அப்படியே இருக்கும். அதனாலதான் கம்பெனிக்காரங்க கலரைப் பார்க்காதே, காலத்தைப் பாருன்னு மேனுவல்ல மாத்த வேண்டிய கெடு போட்டிருக்காங்க. இதுல போர் தண்ணியை ஊத்தினா, கெட்டிலுக்குள்ள படியற மாதிரி உப்பு ரேடியேட்டரோட மெல்லிய குழாய்கள்ல படிஞ்சு அடைக்கும்.

சர்வீஸ்ல கேட்டேன். கழுவி மாத்தித் தர 950 ரூபாய்ன்னாங்க. நாம காமர்ஸ் ஆச்சே, உடனே கணக்கு போட்டேன்:

கூலன்ட் 1 லிட்டர் - ரூ. 340
டிஸ்டில்டு வாட்டர் 5 லிட்டர் - ரூ. 110
செம்பு வாஷர் - ரூ. 10
மொத்தம் - ரூ. 460
மிச்சம் - ரூ. 490

490 ரூபாய் லாபம், கூடவே "நானே செஞ்சேன்"னு அண்ணன்கிட்ட பீத்திக்கலாம். ஞாயித்துக்கிழமை காலை ஏழு மணிக்கு ஆரம்பிச்சேன்.

1. வண்டி ராத்திரி பூரா நின்னிருக்கணும். சூடா இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்தா, வெயிட் போட்ட குக்கரைத் திறந்த கதைதான். மூஞ்சி வெந்துடும்.

2. வண்டி ஆடாம நிமிர்ந்து நிக்கணும். என் வண்டிக்கு சென்டர் ஸ்டாண்ட் கிடையாது. மெக்கானிக் அண்ணன்கிட்ட பின் சக்கரத்தைத் தூக்கற ஸ்டாண்ட் கடன் வாங்கிட்டு வந்தேன்.

3. வாட்டர் பம்ப் மேல கீழ்ப்பக்கமா ஒரு சின்ன போல்ட் இருக்கும். அதுதான் ட்ரெயின் போல்ட். அதுக்குக் கீழே அகலமான ஒரு பேசினை வச்சுட்டுக் கழட்டணும்.

4. கழட்டினதும் சொட்டுச் சொட்டாதான் வரும். அவ்வளவுதானான்னு குனிஞ்சு பார்க்காதீங்க. மேல மூடியைத் திறந்ததும் சர்ருனு பீச்சி அடிக்கும். (நான் குனிஞ்சு பார்த்தேன். சட்டை போச்சு.)

5. ரிசர்வ் டேங்கையும் காலி பண்ணணும். நிறைய பேர் விட்டுடற இடம் இது.

ரசம் மாதிரி முழுசும் இறங்கினது. போல்ட்டைக் கையில எடுத்துப் பார்த்தா பழைய வாஷர் நசுங்கிக் கிடந்தது. நான் வாங்கி வச்சிருந்த புது வாஷர் அளவு சரியில்ல. பேசினை அப்படியே வண்டிக்கடியில விட்டுட்டு, தெரு முக்குக்குப் போய் மாத்திட்டு வந்தேன். பத்து நிமிஷம்தான்.

திரும்பி வரும்போதே அம்மா சத்தம். "டேய், செவலை என்னத்தையோ குடிக்குது, என்னன்னு பாரு!"

செவலை எங்க தெரு நாய். எங்க தெருவுல எல்லார் வீட்டுச் சோறும் அதுக்கு உண்டு, ஆனா தூங்கறது மட்டும் எங்க வண்டிக்கடியிலதான். காலையில அம்மா வைக்கிற மோர்ச்சோறைத் தின்னுட்டு வழக்கமான இடத்துக்கு வந்திருக்கு. அங்கே ஒரு பேசின். என்னைப் பார்த்ததும் வாலாட்டிச்சு. மூக்கு நுனி ஈரமா இருந்தது.

கூலன்ட் டப்பாவோட பின்பக்கத்தை அப்போதான் படிச்சேன். அதுவரைக்கும் முன்பக்கம் மட்டும்தான் படிச்சிருந்தேன். பொடி எழுத்துல எத்திலீன் கிளைகால், விழுங்கினா ஆபத்து, குழந்தைங்க கைக்கு எட்டாம வைக்கவும்னு இருந்தது. போன்ல தேடினா முதல் வரியே, இது இனிப்பா இருக்கும், அதனால நாயும் பூனையும் விரும்பிக் குடிக்கும்னு வருது. தண்ணி கலக்காத கிளைகால்னா பூனைக்குக் கிலோவுக்கு ஒன்றரை மில்லி போதும், நாய்க்குக் கிலோவுக்கு நாலஞ்சு மில்லி. செவலை பத்துப் பன்னிரண்டு கிலோ இருக்கும். கணக்கு போடவே கை நடுங்கினது.

வண்டியில தூக்கிப் போட்டுக்கிட்டு போகலாம்னா வண்டிக்குள்ள ஒரு சொட்டு கூலன்ட் இல்ல! ஆட்டோவை நிறுத்தினேன். டிரைவர் ஒரு தடவை பார்த்தார். "நாயா? சாக்கை விரிச்சு ஏத்து தம்பி"ன்னு கிளப்பிட்டார்.

ஞாயித்துக்கிழமையும் திறந்திருந்த ஒரு கால்நடை டாக்டர் க்ளினிக். டாக்டர் ரெண்டே கேள்விதான் கேட்டார்.

"எப்போ குடிச்சது?"

"முக்கால் மணி நேரம் இருக்கும் சார்."

"எவ்வளவு?"

எனக்கு பதில் தெரியல. பேசின்ல எவ்வளவு இறங்கினதுன்னு நான் அளக்கல. புது கூலன்ட்டை மில்லி கணக்குல அளந்து ஊத்தறதுக்கு அம்மாவோட அளவுக் கோப்பையை எடுத்து வச்சிருந்தேன். வெளிய வந்தது வேஸ்ட்தானே, அதை எதுக்கு அளக்கணும்? ஓபனிங் ஸ்டாக் தெரியாம எவ்வளவு செலவாச்சுன்னு எப்படிச் சொல்றது? முதல் வருஷப் பையன்கூட செய்யாத தப்பு.

டாக்டர் ஊசி போட்டு வாந்தி எடுக்க வச்சார். மோர்ச்சோறு வந்தது. ஓரத்துல ரசக் கலர்ல கொஞ்சம் தண்ணி. ஆமா, குடிச்சிருக்கு.

அதுக்கப்புறம் அவர் செஞ்சதுதான் நம்பவே முடியல. டிரிப்ஸ்ல ஆல்கஹால் ஏத்தினார். நான் முழிக்கறதைப் பார்த்துட்டு அவரே விளக்கினார். கிளைகால் வயித்துக்குள்ள போனதும் பெரிய விஷம் இல்லையாம். கல்லீரல்ல இருக்கற ஒரு என்சைம் அதை அமிலமா மாத்தும்போதுதான் ஆபத்து. கடைசியில வர்ற ஆக்ஸாலிக் அமிலம் ரத்தத்துல இருக்கற கால்சியத்தோட சேர்ந்து ஊசி ஊசியா படிகமாகி கிட்னியை அடைச்சிடும். அந்த என்சைம்தான் ஆல்கஹாலையும் கவனிக்குது. அதுக்கு ஆல்கஹால்தான் முதல் சாய்ஸ். அதனால ஆல்கஹாலைக் குடுத்து என்சைமை பிசியா வச்சுட்டா, கிளைகால் மாறாமலேயே மூத்திரத்துல போயிடும். ஃபோமெபிசோல்னு இதைவிட நல்ல மருந்து இருக்காம், ஆனா அவர்கிட்ட கைவசம் இல்ல.

அன்னைக்கு ராத்திரி க்ளினிக் வராந்தாவுலதான் இருந்தேன். செவலை எழுந்து ரெண்டடி வச்சுத் தள்ளாடி உட்கார்ந்தது. பார்க்க சிரிப்பு வந்தது. ஆனா கிளைகால் விஷத்துக்கும் முதல் அறிகுறி இதே தள்ளாட்டம்தான்னு டாக்டர் சொல்லியிருந்தார். சரக்கா, விஷமான்னு தெரியாம ராத்திரி பூரா அது நடையையே பார்த்துக்கிட்டிருந்தேன். விஷம்னா நடுவுல தெளிஞ்ச மாதிரி தெரியும், ரெண்டு மூணு நாள் கழிச்சுதான் கிட்னி நிக்கும்னும் சொல்லியிருந்தார். அதனால தெளிஞ்ச பிறகும் நிம்மதி இல்ல.

மூணாம் நாள் ரத்தம் எடுத்துப் பார்த்தாங்க. கிரியேட்டினின் சரியா இருந்தது. "சீக்கிரம் கொண்டு வந்தீங்க, பிழைச்சது"ன்னார். அம்மா அன்னைக்கு அதுக்கு முட்டை வச்சாங்க. எனக்கு வைக்கல. :-)

2025-ல் மத்தியப் பிரதேசம் சிந்த்வாரா பக்கம் இருமல் மருந்து குடிச்ச குழந்தைங்க கிட்னி செயலிழந்து செத்துப்போனது ஞாபகம் இருக்கா? அந்த மருந்துல இருந்தது டைஎத்திலீன் கிளைகால், கூலன்ட் கிளைகாலோட கூடப்பிறந்தது. மருந்து தயாரானது நம்ம காஞ்சிபுரம் மாவட்டத்துல. அப்போ செய்தியைப் படிச்சுட்டு "சே, என்ன மனுஷங்க"ன்னு சொல்லிட்டுப் பக்கத்தைப் புரட்டினவன் நான். வாசல்ல அதே குடும்பத்து விஷத்தைத் திறந்து வச்சுட்டு வாஷர் வாங்கப் போனவனும் நான்தான். எங்க தெருவுல தவழற குழந்தைங்க மூணு பேர் இருக்காங்க. அதுக்கு மேல யோசிக்கப் பிடிக்கல.

சரி, பாக்கி ஸ்டெப்களை முடிச்சிடறேன். அரைகுறையா விட்டா நீங்க திட்டுவீங்க.

6. டிஸ்டில்டு வாட்டர் ஊத்திக் கழுவணும். வெளிய வர்றது தெளியற வரைக்கும். எனக்கு நாலு தடவை ஆச்சு.

7. புது வாஷர் போட்டு போல்ட்டை முறுக்கணும், ஆனா பலத்தைக் காட்டக் கூடாது. அலுமினிய மரை போச்சுன்னா பெரிய செலவு.

8. கூலன்ட்டை மெதுவா ஊத்தணும். ரெடிமிக்ஸ்னா அப்படியே, கான்சன்ட்ரேட்னா டிஸ்டில்டு வாட்டர் கலந்து. ஹோஸை அமுக்கி அமுக்கி விட்டா உள்ள மாட்டின காத்து "குளுக்"னு வெளிய வரும்.

9. மூடி போடாம இன்ஜினை ஐடிலிங்ல ஓட விட்டா லெவல் இறங்கும். சூடேறி வழியறதுக்குள்ள நிரப்பி மூடிடணும். அப்புறம் ஃபேன் ஓடி நிக்கற வரைக்கும் காத்திருக்கணும். மறுநாள் காலை, வண்டி குளிர்ந்த பிறகு ரிசர்வ் டேங்க் லெவலைத் திரும்பப் பாருங்க.

10. இதுதான் நான் விட்ட ஸ்டெப். வெளிய வந்த பழசை அந்த நிமிஷமே மூடி போட்ட கேன்ல ஊத்தி, மேல விஷம்னு எழுதி, உயரத்துல வைக்கணும். தரையில சிந்தினதை நிறைய தண்ணி விட்டுக் கழுவணும். வாஷர் எல்லாம் அப்புறம்.

கேன்ல ஊத்திட்டு எங்கே கொண்டுபோய் விடறதுன்னுதான் இன்னும் தெரியல. மெக்கானிக் அண்ணனைக் கேட்டேன். "ஆயில்னா டிரம்ல பிடிப்போம், வாங்கறதுக்கு ஆள் வரும் தம்பி. இதை யார் வாங்குவா? சாக்கடைதான்"னார், மறைக்காம. எங்க தெரு சாக்கடைத் தண்ணியைத் தெரு நாய் எல்லாம் குடிக்குது. ஊத்த மனசு வரல.

காஸ்ட் அக்கவுன்டிங் புத்தகத்துல ஸ்க்ராப்புக்கும் வேஸ்ட்டுக்கும் வித்தியாசம் எழுதச் சொல்லி அஞ்சு மார்க் கேள்வி வரும். ஸ்க்ராப் விக்கலாம், கொஞ்சம் காசு வரும். வேஸ்ட்டுக்கு மதிப்பு பூஜ்யம். இதை மனப்பாடமா எழுதி அஞ்சுக்கு அஞ்சு வாங்கியிருக்கேன். நாய் வீட்டுக்கு வந்த பிறகு புத்தகத்தை எடுத்துத் திரும்பப் பார்த்தேன். அடுத்த வரியிலேயே, வேஸ்ட்டை அப்புறப்படுத்தச் செலவும் ஆகலாம்னு இருக்கு. முந்தின வரியில மட்டும் அண்டர்லைன் பண்ணியிருக்கேன். இதை அந்தப் பூஜ்யத்தோட விட்டுட்டுப் போனா செலவு இல்லாம போயிடாது. என் பேர்ல எழுதாம செவலை பேர்ல எழுதியிருக்கேன்னுதான் அர்த்தம்.

திருத்தின கணக்கு:

கூலன்ட் மாத்தினதுல மிச்சம் - ரூ. 490
ஆட்டோ, போக வர - ரூ. 300
டாக்டர், மருந்து, ரத்தப் பரிசோதனை - ரூ. 2,150
நிகர நஷ்டம் - ரூ. 1,960
கையிருப்பு: ரெண்டு லிட்டர் கேன் ஒண்ணு. பரண் மேல. மூடி இறுக்கமா இருக்கு.

வண்டி இப்போ சூப்பரா ஓடுது. செவலை பழையபடி அதுக்கடியிலதான் தூங்குது.

டிஸ்கி: அடுத்த தடவையும் நானேதான் மாத்துவேன். கேனும் மூடியும் வாங்கின பிறகு. அந்தப் பழைய ரெண்டு லிட்டரை என்ன பண்றதுன்னு தெரிஞ்சவங்க யாராவது இருந்தா சொல்லுங்கப்பா. "சாக்கடையில ஊத்து"ன்னு மட்டும் சொல்லிடாதீங்க.