கப்பல் டிக்கெட்டும் ஏக்கர் கணக்கும்

தங்கச்சி மகன் சென்னையில வேலை பார்க்கிறான். அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம். லோன் போட்டாவது ரெண்டு பேரையும் ஒசத்தியான கப்பல்ல அனுப்பணுமாம். "எது மாமா நல்லது?" என்று கேட்டான்.

ராயல் கரீபியனின் ஐகான் ஆஃப் தி சீஸ் 2024-ல் ஓட ஆரம்பித்த கப்பல். 20 தளம், 7,600 பேர் வரை ஏறலாம். எங்க ஊர் மாதிரி மூணு ஊரை ஏத்திடலாம்! டிக்கெட் குறைவுதான். ஆனா மது, இணையம், டிப்ஸ் எல்லாம் தனிக் காசு. அதே குழுமத்தின் சில்வர்சீ சொகுசு ரகம். அதில் சில்வர் நோவாவில் 728 பேர்தான். மேலே சொன்னதெல்லாம் டிக்கெட்டிலேயே அடக்கம். விலையோ பல மடங்கு.

விதை விலையை மட்டும் வச்சு யாரும் வெள்ளாமைக் கணக்குப் போடறதில்லை. உரம், கூலி, வண்டி வாடகை சேர்த்தால்தான் ஏக்கருக்கு என்ன ஆச்சுன்னு தெரியும். கப்பலும் அப்படித்தான்.

"உங்கப்பா குடிக்கமாட்டார். உங்கம்மாவுக்கு இணையம் எதுக்கு? பெரிய கப்பலே போதும்டா. ஆனா அம்மாவுக்கு முட்டி வலி. நடுக்கப்பல்ல, கீழ்த் தளத்துல, லிஃப்ட் பக்கமா ரூம் போடு, அங்கதான் ஆட்டம் குறைவு" என்றேன்.

கடன் வாங்கி அனுப்பினா, அவங்க கடலைப் பார்க்கமாட்டாங்க. மகனோட தவணையைத்தான் நினைச்சுட்டிருப்பாங்க.