அனுப்பி வைப்பதும் முடித்து விடுவதும் மட்டுமே வழியா?



கணவனிடம் அடிபட்ட மகள் தாய்வீடு வந்து நின்றால், நம் பெரியவர்கள் கூடி ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: அனுப்பி வைப்பதா, முடித்து விடுவதா? முடித்து விடுவது என்றால் தலாக் அல்லது குலா. பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கையில் அதற்கு யாருக்கும் மனம் துணிவதில்லை. ஆகவே, பொறுமையைப் பற்றி நான்கு வார்த்தை சொல்லி, அவளை அதே வீட்டுக்கு அனுப்பி வைக்கிறார்கள்.

எங்கள் குடும்பத்துப் பெண் ஒருத்தி மூன்றாவது முறையாக வந்தபோதும் இதே கேள்வி எழுந்தது. அவள் இரண்டையும் மறுத்தாள். "எனக்குத் தலாக்கும் வேண்டாம், அடியும் வேண்டாம் வாப்பா. என் பிள்ளைகளோடு அந்த வீட்டில் பயமில்லாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்" என்றாள். நடக்காத காரியத்தைக் கேட்கிறாள் என்றே பலரும் எண்ணினார்கள். ஆனால் அவள் கேட்டதைத் தருவதற்கென்றே நம் நாட்டில் ஒரு சட்டம் இருக்கிறது.

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005ஆம் ஆண்டு இயற்றப்பட்டு, 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் உள்ளது. இது எல்லா மதத்துப் பெண்களுக்கும் பொதுவானது. மனைவி மட்டுமன்றி, ஒரே வீட்டில் வாழும் தாய், சகோதரி, மகள் ஆகியோரும் இதன் கீழ் முறையிடலாம். அடிப்பது மட்டுமே வன்முறை என்று இச்சட்டம் கருதுவதில்லை. இழிவாகப் பேசுவது, மிரட்டுவது, வீட்டுச் செலவுக்குப் பணம் தராமல் வதைப்பது, நகைகளைப் பறித்து வைத்துக்கொள்வது ஆகியவையும் வன்முறையே.

இச்சட்டத்தின் கீழ் நிவாரணம் பெற மணவிலக்குக் கோர வேண்டியதில்லை. கணவனைச் சிறைக்கு அனுப்ப வேண்டியதும் இல்லை. கொடுமை செய்யும் கணவனைத் தண்டிக்கப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 85ஆம் பிரிவு தனியே உள்ளது. இச்சட்டமோ முதலில் காப்பாற்ற முனைகிறது. அவளை அடிக்கவோ, அவள் வேலை செய்யும் இடத்துக்குச் சென்று தொல்லை தரவோ கூடாது என்று நீதித்துறை நடுவர் பாதுகாப்பு உத்தரவு இடலாம். வீடு யார் பெயரில் இருந்தாலும் அவளை அங்கிருந்து வெளியேற்றக் கூடாது என்று ஆணையிடலாம். தேவையானால் கணவனையே வெளியேறச் சொல்லலாம். பராமரிப்புத் தொகை, பிள்ளைகளின் தற்காலிகப் பொறுப்பு, நகைகளைத் திருப்பித் தருதல் ஆகியவற்றையும் அதே மனுவில் கோரலாம். நிலைமை கடுமையாக இருந்தால், எதிர்த்தரப்பு வரும் முன்னரே இடைக்கால உத்தரவு கிடைக்கும். பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

நாங்கள் மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் இருக்கும் பாதுகாப்பு அலுவலரைத் தேடிச் சென்றோம். அவர் அவளிடம் விவரம் கேட்டுக் குடும்ப நிகழ்வு அறிக்கையைத் தயாரித்தார். அவள் தற்காலிகமாகத் தங்கியிருந்த எங்கள் ஊரின் நீதிமன்றத்திலேயே மனு தாக்கல் செய்ய முடிந்தது. பெண்ணுக்கு வருமான வரம்பு பாராமல் இலவச வழக்கறிஞர் கிடைப்பார் என்பதால், நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவே வழக்கறிஞரை ஏற்பாடு செய்தது. முதல் விசாரணையிலிருந்து அறுபது நாள்களுக்குள் மனுவை முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். எங்களுக்கு அதைவிட நெடுநாள் ஆயிற்று. எனினும் இடைக்கால உத்தரவு முன்பே கிடைத்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் அவள் பிள்ளைகளோடு வீடு திரும்பினாள். கணவன் இன்று தன் தாயின் வீட்டில் இருக்கிறான். இருவரும் மீண்டும் சேர்வார்களா என்பது அவர்கள் பேசித் தீர்க்க வேண்டியது. ஆனால் அந்தப் பேச்சு இப்போது அச்சமில்லாமல் நடக்கிறது.

ஜமாஅத்தைப் புறக்கணித்துவிட்டு நீதிமன்றம் போவதா என்று சிலர் கேட்டார்கள். இரு தரப்பிலிருந்தும் நடுவர்களை அமர்த்திப் பேசுவது குர்ஆன் காட்டிய வழி. அதற்குப் பாதுகாப்பு உத்தரவு தடையாகாது. அடி விழாது என்ற உறுதி இருக்கும்போது பேசப்படுவதே உண்மையான சமரசம். அதே வேளையில், பத்வாக்களுக்குச் சட்டப்படி யாரையும் கட்டுப்படுத்தும் வலிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2014இல் தெளிவுபடுத்தியிருக்கிறது. எந்தப் பஞ்சாயத்தும் ஒரு பெண்ணை நீதிமன்றம் செல்லாமல் தடுக்க முடியாது.

பொறுமை என்பது கொடுமைக்குத் துணைபோவது அன்று. கணவர்களைப் பற்றி முறையிடப் பெண்கள் பலர் நபி (ஸல்) அவர்களின் வீட்டாரிடம் வந்தார்கள் என்று அபூதாவூதில் பதிவாகியுள்ளது. முறையிட்டதற்காக அப்பெண்களை அண்ணலார் கடிந்ததாக அதில் இல்லை. அந்தக் கணவர்கள் சிறந்தவர்கள் அல்லர் என்றே சொன்னார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் அறிவிப்பின்படி, அவர்கள் எந்தப் பெண்ணையும் பணியாளரையும் கைநீட்டி அடித்ததே இல்லை. வீட்டுக்குள் நடந்ததை வெளியே சொல்வது மார்க்கத்துக்கு முரண் என்பவர்கள் இதைச் சற்றே சிந்திக்க வேண்டும்.

சகோதரிகளே, ஆபத்து நெருங்கும்போது 181 என்ற மகளிர் உதவி எண்ணை இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம்; உயிருக்கே ஆபத்து என்றால் 112. மருத்துவம், சட்ட ஆலோசனை, சில நாள் தங்கும் இடம் ஆகியவற்றை ஒருங்கிணைந்த சேவை மையம் ஒரே கூரையின் கீழ் தருகிறது. நிக்காஹ் பதிவின் நகல், ஆதார், குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம், பிள்ளைகளின் பிறப்புச் சான்று, நகை ரசீதுகள் ஆகியவற்றின் நகல்களை நம்பிக்கையான ஒருவரிடம் முன்கூட்டியே கொடுத்து வையுங்கள். காயம் பட்டால் அரசு மருத்துவமனையில் காட்டுங்கள். எப்படிக் காயம் ஏற்பட்டது என்பதை மறைக்காமல் சொல்லி, சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

அண்டை வீட்டாருக்கும் இதில் பங்குண்டு. ஒரு வீட்டில் வன்முறை நடக்கிறது என்று நம்பக் காரணம் இருந்தால், எவரும் பாதுகாப்பு அலுவலரிடம் தெரிவிக்கலாம். நல்லெண்ணத்தோடு தெரிவித்தவர் மீது வழக்குத் தொடர முடியாது என்று சட்டமே கூறுகிறது. சுவருக்கு அப்பால் கேட்கும் அழுகுரலுக்கு நாமும் பதில் சொல்ல வேண்டியவர்களே.

நம் இல்லங்களை அன்பும் கருணையும் நிறைந்தவையாக அல்லாஹ் ஆக்கி அருள்வானாக. ஆமீன்.