பருத்திக்காரர்களும் கோவை மைதானமும்

கூடலூரில் எங்கள் தெருப் பையன்களுக்கு விளையாட்டு என்றால் கிரிக்கெட்தான். மலை ஏறிக் குமுளிக்குப் போய்விட்டால் கதை மாறிவிடும். உலகக்கோப்பை சமயத்தில் அங்கே மெஸ்ஸியும் நெய்மாரும் தென்னை உயரத்துக்கு நிற்பார்கள். லோயர் கேம்ப்புக்கு இந்தப் பக்கம் மட்டும் அந்தக் காற்று இறங்குவதே இல்லை. அதனால் நான் கால்பந்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், திராட்சைத் தோட்டத்து நண்பர்கள் மெல்லத் துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிடுவார்கள். இன்றைக்கு மட்டும் கொஞ்சம் உட்காருங்கள்.

நான் புதுச்சேரிக்காரன், ஓய்வுக்குப் பிறகு மனைவியின் ஊரோடு வந்து சேர்ந்தவன் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். பிரெஞ்சு வழியில் படித்தேன். கோல்கீப்பரை நாங்கள் ‘கார்தியேன்’ என்போம், இடைவேளை எங்களுக்கு ‘மிதாம்’. கடற்கரை மணலில் வெறுங்காலோடு ஆட்டம். 1962 ஆகஸ்ட் 16-ல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்புகிறவர்களுக்கு ஆறு மாதம் அவகாசம் கொடுத்தார்கள். எங்கள் கார்தியேன் வீட்டில் கையெழுத்துப் போட்டார்கள். என் அப்பா போடவில்லை. பிற்பாடு அவன் கப்பலேறிப் போனான். நாங்கள் கோல்கீப்பர் இல்லாத அணியானோம்.

அவன் மார்செய் நகரத்திலிருந்து பல வருஷம் கடிதம் எழுதினான். 1979-ல் வந்த ஒரு கடிதத்தில் பத்திரிகைத் துண்டு ஒன்று இருந்தது. அப்படித்தான் பக்தாகோர் என்ற பெயர் எனக்கு அறிமுகம். தாஷ்கண்ட் நகரத்துக் கால்பந்து கிளப், 1956-ல் ஆரம்பித்தது. பக்தாகோர் என்றால் பருத்தி விளைவிக்கிறவர் என்று பொருளாம். பருத்தி பூமிக்காரர்கள் தங்கள் அணிக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்! நம் தலைமுறைக்குத் தாஷ்கண்ட் என்றால் 1966 ஜனவரி 11-ல் சாஸ்திரி கண்மூடிய ஊர். அதற்கு மேல் எனக்கும் ஒன்றும் தெரியாது.

1979 ஆகஸ்ட் 11-ஆம் தேதி அந்த அணி மின்ஸ்க் நகரத்து ஆட்டத்துக்காக விமானத்தில் போனது. உக்ரைன் வானில் இன்னொரு பயணிகள் விமானத்தோடு மோதியது. தரையிலிருந்து வழிகாட்டியவர்களின் பிழை. இரண்டு விமானங்களிலும் சேர்த்து 178 பேர் இறந்தார்கள். அவர்களில் 17 பேர் பக்தாகோர் அணியினர். மிகயீல் அன், விளாதிமிர் ஃபியோதரவ் என்று சோவியத் தேசிய அணிக்கே ஆடியவர்கள் இருவரும் அதில் போய்விட்டார்கள்.

அதன் பிறகு நடந்ததைத்தான் என் நண்பன் கோடு போட்டு அனுப்பியிருந்தான். மற்ற கிளப்புகள் தங்கள் ஆட்டக்காரர்களைக் கொடுத்து அந்த அணியை நிறுத்தின. மூன்று பருவங்களுக்கு எந்த இடத்தில் முடித்தாலும் முதல் பிரிவிலிருந்து இறக்குவதில்லை என்று முடிவெடுத்தார்கள். 1982-ல் அதே பக்தாகோர் சோவியத் முதல் பிரிவில் ஆறாவது இடம் பிடித்தது. நாடு உடைந்து உஸ்பெகிஸ்தான் தனியான பிறகு லீக் பட்டத்தை அதிகத் தடவை வென்றதும் அவர்கள்தான்.

இனி என் வீட்டுக் கதை. எழுதத் தயங்கித் தயங்கித் தள்ளிப்போட்ட விஷயம்.

அலுவலகத்தில் நான் தபால் பிரிவில் இருந்தவன். வந்த தபாலை அன்றைக்கே பதிவேட்டில் ஏற்றிப் பிரிவுக்கு அனுப்பிவிடுவேன். அதில் எனக்குப் பெருமை உண்டு. 1996-ல் என் மகனுக்குச் சென்னையில் ஒரு நிறுவன அணியின் தேர்வுக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. அவன் நல்ல ஆட்டக்காரன். இடது காலால் அவன் அடிக்கிற பந்தை நானே ஒளிந்து நின்று பார்த்து ரசித்திருக்கிறேன். ஆனால் பிளஸ் டூ பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. கடிதத்தை மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். தேதி கடந்த பிறகுதான் கொடுத்தேன். அவன் அதைப் படித்துவிட்டு ஒரு வார்த்தை சொல்லவில்லை. பரீட்சையில் நல்ல மார்க் வாங்கினான். அதற்குப் பிறகு நான் கூப்பிட்டு ஒரு மைதானத்துக்கும் வந்ததில்லை.

இப்போது அவன் கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறான். சென்னை சிட்டி என்ற கிளப் கோவைக்கு வந்தது 2017-ல். 1946 என்று பிறந்த வருஷம் சொல்லிக்கொள்கிற பழைய சென்னை கிளப் அது. 2016-17 பருவத்தில் ஐ-லீக்கில் இடம் கிடைத்து, மறு பருவமே கோவை நேரு ஸ்டேடியத்தைச் சொந்த மைதானமாக்கிக்கொண்டது. முதல் இரண்டு பருவங்களும் பட்டியலின் அடிப்பகுதியில்தான். மூன்றாவதில் சிங்கப்பூர்க்காரர் அக்பர் நவாஸ் பயிற்சியாளர். ஸ்பெயினிலிருந்து நாலைந்து பேர், அவர்களோடு நம் தமிழ்ப் பையன்கள். பெத்ரோ மன்சி என்பவர் அந்தப் பருவத்தில் 21 கோல் போட்டார். சுவிட்சர்லாந்தின் பாசெல் கிளப் வந்து 26 சதவீதப் பங்கு வாங்கியது. பேரன் போனில் இதையெல்லாம் ஒப்பிப்பான். எனக்கோ மணல் தரை ஞாபகம் வரும்.

2019 மார்ச் 9, சனிக்கிழமை, கடைசி ஆட்டம். முந்தின நாளே கூடலூரில் பஸ் ஏறினேன். தேனி, வத்தலக்குண்டு, பழனி, உடுமலை, பொள்ளாச்சி என்று இடுப்பு ஒடிந்து போய்ச் சேர்ந்தேன். மறுநாள் கிளம்புகிற நேரத்தில் மகன் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றான். “நீயும் வர்றியா?” என்று கேட்கவில்லை. கேட்டால் திரும்பி உள்ளே போய்விடுவானோ என்று பயம்.

எதிரணி மினர்வா பஞ்சாப், முந்தின பருவத்துச் சாம்பியன். ஜெயித்தால் பட்டம் நமக்கு. சமன் ஆனால், அதே நேரத்தில் கோழிக்கோட்டில் ஆடுகிற ஈஸ்ட் பெங்கால் ஜெயித்துத் தூக்கிக்கொண்டு போய்விடலாம். உட்கார்ந்து சூடு ஆறவில்லை, மூன்றாவது நிமிடமே மினர்வா கோல். ஸ்டேடியம் வாயடைத்துப் போனது. பின்வரிசையில் ஒரு இளைஞர் கைபேசியில் கோழிக்கோட்டுச் செய்தி படித்துக்கொண்டே இருந்தார். மிதாம் வரைக்கும் நம் பக்கம் ஒன்றுமில்லை.

இரண்டாம் பாதியில் பெனால்டி, மன்சி அடித்தார். பிறகு கௌரவ் போரா, அசாம் பையன், தடுப்பாட்டக்காரர். அவர் ஒன்று போட்டார். அந்தப் பக்கம் ஈஸ்ட் பெங்காலும் முந்திவிட்டது என்றார் பின்வரிசை இளைஞர். இனி இங்கே ஒரு கோல் வாங்கினால் எல்லாம் போச்சு. கூடுதல் நேரத்தில் போரா மறுபடியும் ஒன்று போட்டார். 3-1. நமக்கு 43 புள்ளி, அவர்களுக்கு 42. தமிழ்நாட்டுக் கிளப் ஒன்று ஐ-லீக்கை ஜெயித்தது அதுதான் முதல் தடவை. அந்த மூன்றாவது கோலுக்கு என் மகன் எழுந்து என் தோளைப் பிடித்து உலுக்கினான். 23 வருஷம் கழித்து அவன் கை என் மேல் பட்டது என்று சொன்னால் மிகை. ஆனால் எனக்கு அப்படித்தான் இருந்தது.

மீதியைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன், நீட்ட மனசில்லை. 2020 ஜனவரியில் பஹ்ரைனில் ரிஃபா அணியிடம் 0-1. மார்ச் 11-ல் மாலத்தீவின் மசியா அணியோடு 2-2.  மன்சி அதற்குள் ஜப்பான் போய்விட்டார். அப்புறம் கொரோனா. 2020-21 பருவம் முழுவதையும் வங்காளத்திலேயே அடைத்து வைத்து நடத்தினார்கள். 2021-22 ஐ-லீக் பட்டியலில் சென்னை சிட்டி என்ற பெயரே இல்லை. சாம்பியன் ஆகி மூன்று வருஷம்கூட ஆகவில்லை.

விமானமா விழுந்தது? ஒரு உயிரும் போகவில்லை, நல்லவேளை. ஆனாலும் தாஷ்கண்டுக்காரர்களுக்காக மற்ற கிளப்புகள் தங்கள் ஆளைக் கொடுத்தன என்பது எனக்கு மறக்கவில்லை. நம் பக்கம் “ஐயோ பாவம்” என்று சொன்னவர்களே குறைவு. இதில் எனக்குக் கோபம் உண்டு. பார்க்கப் போன நாமும்தான் அடுத்த நாளே ஐபிஎல்லுக்குத் திரும்பிவிட்டோம்.

அந்தச் செய்தி வந்த சமயம் நான் கோவையில் இருந்தேன். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு மகன் சொன்னான்: “அன்னைக்கு நீங்க கடிதத்தப் பூட்டி வச்சது நல்லதுக்குத்தான்பா போல. போயிருந்தா நானும் இப்படித்தான் நடுத்தெருவுல நின்னிருப்பேன்.”

25 வருஷமாக நான் எதிர்பார்த்த வார்த்தை அது. வாங்கிக்கொள்ள முடியவில்லை. “கிளப்பு எப்படிப் போனா என்னப்பா, அது உன் பேருக்கு வந்த தபால்” என்றேன். அவன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனான்.

உள்ளே பேரன் அலமாரியைக் கலைத்துக்கொண்டிருந்தான். சாம்பியன் ஆன அன்றைக்கு வாங்கிய சட்டையைக் காணோமாம். அம்மா அதை ஸ்கூட்டர் துடைக்க எடுத்துவிட்டாளோ என்று அவனுக்குச் சந்தேகம்.